அரேயின் நீளத்தைக் கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? புதிதாக நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அரேயின் நீளத்தைக் கேட்கிறோமே, அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணுமா? ஒருவரைக் கேட்டால் “இல்லை, அது ஓ(1)தான்” என்பார். இன்னொருவர் “லூப்புக்கு வெளியே ஒரு மாறியில் போட்டு வை” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர்கள் மனதில் இருக்கும் மொழி வேறு வேறு, அவ்வளவுதான். நான் பைத்தானில் தொடங்கி, அப்புறம் சி, ஜாவா என்று போனபோது ஒவ்வொரு மொழிக்கும் பதில் மாறிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துச் சொல்ல ஆளில்லாமல் துண்டு துண்டாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

குறியீடுகளை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். ஓ(1) என்றால் அரேயில் 10 உறுப்புகள் இருந்தாலும் 10 லட்சம் இருந்தாலும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஓ(என்) என்றால் (‘என்’ என்பது உறுப்புகளின் எண்ணிக்கை) உறுப்புகள் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும். ஓ(என்²) என்றால் அதே இரண்டு மடங்குக்கு நேரம் நான்கு மடங்காகும்.

இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எண்ணிக்கை எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை நாம் கேட்கும்போதுதான் எண்ணப்படுகிறதா? கல்யாண மொய் நோட்டில் ஒவ்வொரு பெயரையும் எழுதும்போதே மொத்தத்தையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தால், “எவ்வளவு சேர்ந்தது” என்று கேட்டவுடன் கடைசி வரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கூட்டாமல் விட்டிருந்தால் முதல் பெயரிலிருந்து உட்கார்ந்து கூட்ட வேண்டியதுதான். கீழே வரும் படிகள் எல்லாம், உங்கள் மொழியில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழிகள்.

1. கையில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள்

“ஜாவாவில் நீளம் கேட்பது ஓ(1)தானே?” என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. மொழியைவிட வகைதான் முக்கியம். ஜாவாவிலேயே அரேலிஸ்ட்டுக்கு ஒரு பதில், கன்கரன்ட்லிங்க்டுகியூவுக்கு வேறு பதில். அதனால் அந்த மாறியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எடிட்டரில் மாறியின் மேல் மவுஸை வைத்தால் வகை தெரியும். பைத்தானில் டைப் ஃபங்ஷனைப் போட்டு அச்சிட்டுப் பார்க்கலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம், ஒரு ஃபங்ஷன் திருப்பித் தருவது லிஸ்ட்தான் என்று நினைத்துக்கொள்வது. பைத்தான் 3இல் மேப், ஃபில்டர் இரண்டும் லிஸ்ட் தருவதில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் இட்டரேட்டரைத்தான் தருகின்றன. அதன் மேல் நீளம் சொல்லும் லென் ஃபங்ஷனைப் போட்டால் டைப்எரர் வரும். நீளத்தை எழுதி வைக்காத பொருளிடம் நீளம் கேட்டதால் வரும் பிழை அது.

2. அன்றாட மொழிகளின் சாதாரண அரேக்களுக்குப் பயம் வேண்டாம்

பைத்தான் லிஸ்ட்டின் தலைப்பகுதியில் எண்ணிக்கைக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தானின் மூல நிரலில் அதன் பெயர் ஓபி_சைஸ். அப்பென்ட் செய்தால் அது ஒன்று கூடும், பாப் செய்தால் ஒன்று குறையும். லென் அதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். டப்பிள், டிக்ஷனரி, செட், ஸ்ட்ரிங் எல்லாவற்றுக்கும் இதே கதை. 100 கோடி எண்கள் கொண்ட ரேஞ்சின் நீளம்கூட உடனே வந்துவிடும். தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது.

ஜாவாவில் அரே உருவாகும்போதே அதன் நீளம் கூடவே பதிவாகிவிடும், பிறகு மாறாது. அதைப் படிக்க ஒரே ஒரு பைட்கோட் கட்டளை போதும். அரேலிஸ்ட்டும் ஓ(1)தான். லிங்க்டுலிஸ்ட் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைக் காட்டும் சங்கிலி) என்ற பெயரைப் பார்த்ததும் அது ஓ(என்) என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. ஜாவாவின் லிங்க்டுலிஸ்ட் எண்ணிக்கையைத் தனியாக வைத்திருக்கிறது, அதனால் அதுவும் ஓ(1). இன்டர்வியூவில் இதைக் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

கோ மொழியின் ஸ்லைஸ் என்பது மூன்று பகுதிகள் சேர்ந்தது: பாயிண்டர் (மெமரியில் தரவு இருக்கும் இடத்தின் முகவரி), நீளம், கொள்ளளவு. 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். நீளம் அங்கேயே இருப்பதால் ஓ(1). பிஎச்பியின் கவுண்ட்டும் அப்படியே. ஆனால் உள்ளே இருக்கும் அரேக்களையும் சேர்த்து எண்ணச் சொல்லும் ரிக்கர்சிவ் முறையில் கூப்பிட்டால் அது எல்லாவற்றையும் சுற்றி வரும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் அரேயின் லெங்த் உடனே கிடைக்கும். ஆனால் அது ‘எத்தனை உறுப்புகள்’ என்ற கேள்விக்கான பதில் அல்ல. கடைசி இன்டெக்ஸுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் லெங்த். காலி அரேயில் 99ஆவது இன்டெக்ஸில் ஒரு மதிப்பை வைத்துவிட்டு லெங்த் கேளுங்கள், 100 என்று வரும். உள்ளே இருப்பது ஒன்றுதான். நடுவில் ஓட்டைகள் உள்ள அரேயில் உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும், அது ஓ(என்).

நீளத்தை லூப்புக்கு வெளியே எடுத்து மாறியில் வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மொழிகளின் சாதாரண அரேக்களில் அதனால் பெரிய லாபம் இல்லை, ஆனால் ஆபத்து உண்டு. லூப்புக்குள் உறுப்புகளை நீக்கினால் மாறியில் இருப்பது பழைய நீளம். அப்புறம் இல்லாத இன்டெக்ஸைத் தொட்டுப் பிழை வாங்குவீர்கள். தேவையில்லாமல் இதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

3. சி மொழிக்கு வந்தால் நிதானமாகப் படியுங்கள்

சி மொழியில் அரே தன் நீளத்தைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. அதனால் இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிலை: அரேயை அறிவித்த அதே இடத்தில் நிற்கிறீர்கள். சைஸ்ஆஃப் போட்டு மொத்த அளவை ஓர் உறுப்பின் அளவால் வகுத்தால் நீளம் வந்துவிடும். 10 இன்ட் கொண்ட அரே என்றால் 40 பைட், ஓர் இன்ட் 4 பைட், விடை 10. இதைக் கம்பைலரே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது, நிரல் ஓடும்போது செலவே இல்லை.

இரண்டாம் நிலை: அதே அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய் அதே கணக்கைப் போடுகிறீர்கள். விடை 2 என்று வரும். ஃபங்ஷனுக்குள் போனது அரே அல்ல, முதல் உறுப்பைக் காட்டும் பாயிண்டர். 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட், 8ஐ 4ஆல் வகுத்தால் 2. நிரல் நிற்காமல் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும் என்பதால் இது மோசமான பொறி. ஜிசிசி கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தருகிறது, அந்த எச்சரிக்கை வரிகளைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். சி++ 17இல் உள்ள எஸ்டிடி சைஸைப் பயன்படுத்தினால் பாயிண்டரைக் கொடுத்தவுடன் கம்பைலே ஆகாது, அது இன்னும் பாதுகாப்பு. சி மொழியிலேயே இருப்பவர்கள் நீளத்தைத் தனி அளவுருவாக ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். நிரல் ஓடும்போது மாலாக் ஃபங்ஷனில் கேட்டு வாங்கிய மெமரிக்கும் இதே விதிதான், எத்தனை வாங்கினீர்கள் என்பதை நீங்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நிலை ஸ்ட்ரிங். நேரச் செலவு உண்மையில் இங்கேதான் கடிக்கும். சி ஸ்ட்ரிங் ஒரு பூஜ்ய பைட்டில் முடியும். ஸ்ட்ர்லென் முதல் எழுத்திலிருந்து அந்தப் பூஜ்யம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து நீளம் சொல்கிறது. அது ஓ(என்). இதை ஃபார் லூப்பின் நிபந்தனையில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நடை நடக்கிறது. 1 லட்சம் எழுத்துள்ள ஸ்ட்ரிங் என்றால் 1 லட்சம் சுற்று, சுற்றுக்கு 1 லட்சம் எழுத்து, மொத்தம் 1000 கோடி எழுத்துகளைத் தாண்டிப் போக வேண்டும். நூலகங்கள் ஒரே நேரத்தில் பல பைட்களைப் பார்க்கும்படி ஸ்ட்ர்லென்னை எழுதியிருப்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் ஸ்ட்ரிங்கை இரண்டு மடங்காக்கினால் நேரம் நான்கு மடங்காவது மாறப்போவதில்லை.

“கம்பைலர் அதை வெளியே எடுத்துவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. லூப்புக்குள் ஸ்ட்ரிங்கை மாற்றவில்லை என்று கம்பைலருக்கு உறுதியாகத் தெரிந்தால் எடுக்கும். பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்குவது போல உள்ளே எழுதவும் செய்தால், நடுவில் ஒரு பூஜ்யம் விழுந்துவிடுமோ என்று அதற்குத் தெரியாது, எடுக்காது. நீங்களே வெளியே ஒரு மாறியில் வைத்துவிடுங்கள். போன படியில் வேண்டாம் என்று சொன்ன பழக்கம் இங்கே கட்டாயம் வேண்டும். அதேபோல, ஒரு ஸ்ட்ரிங்கின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் ஸ்ட்ர்கேட்டால் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே போவதும் பொறிதான். ஒவ்வொரு ஒட்டலுக்கும் அது முதலில் ஸ்ட்ரிங்கின் முடிவைத் தேடிப் போகிறது.

இதெல்லாம் பாடப்புத்தகக் கவலை என்று தோன்றினால் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டைப் பாருங்கள். அது தொடங்கப் பல நிமிடம் எடுத்தது. 2021இல் வெளியாள் ஒருவர் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். சுமார் 10 எம்பி ஜேசான் கோப்பு (தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) ஒன்றை எஸ்ஸ்கேன்எஃப் என்ற சி ஃபங்ஷன் கொண்டு துண்டு துண்டாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் மீதிக் கோப்பு முழுவதற்கும் ஸ்ட்ர்லென் போட்டது. அதோடு, சுமார் 63,000 பொருள்களில் ஏற்கெனவே வந்தது எது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் பட்டியலை முதலிலிருந்து தேடும் இன்னொரு சிக்கலும் இருந்தது. இரண்டையும் சரி செய்ததில் அவர் கணினியில் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் திருத்தத்தை ஏற்று 10,000 டாலர் கொடுத்தது. எஸ்ஸ்கேன்எஃபைக் கூப்பிட்ட வரியில் ஸ்ட்ர்லென் என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

4. பெயரை நம்பாதீர்கள்

சைஸ், லெங்த், கவுண்ட் என்று எப்படிப் பெயர் வைத்திருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. நான் பார்த்தவற்றில் கவனிக்க வேண்டியவை இவை.

ஜாவாவின் கன்கரன்ட்லிங்க்டுகியூ: பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் போட்டு எடுக்கும் வரிசை இது. சைஸ் கேட்டால் முழு வரிசையையும் நடந்து எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் வேறு த்ரெட் இன்னும் சிலவற்றைப் போட்டிருக்கலாம், அதனால் வரும் எண்ணும் தோராயம்தான்.

சி++ லிஸ்ட்: சி++ 11க்கு முந்தைய தரநிலையில் இதன் சைஸ் ஓ(என்) ஆக இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 11இலிருந்து ஓ(1) கட்டாயம். பழைய கம்பைலரில் ஓடும் நிரலைப் பராமரிக்கிறீர்கள் என்றால் நினைவில் வையுங்கள். ஃபார்வர்டு_லிஸ்ட்டுக்கு சைஸ் ஃபங்ஷனே இல்லை.

எர்லாங், ஹாஸ்கெல், ஓகேமல்: இவற்றின் லிஸ்ட் ஒருவழி லிங்க்டு லிஸ்ட், லெங்த் என்றால் ஓ(என்). எலிக்ஸரில் ஒரு நல்ல மரபு வைத்திருக்கிறார்கள். பெயரில் சைஸ் என்று இருந்தால் உடனே கிடைக்கும், லெங்த் என்று இருந்தால் எண்ணப்படும். மற்ற மொழிகளிலும் இப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பாதி வேலை இருந்திருக்காது.

லுவா இரண்டிலும் சேராது. டேபிளின் நீளத்தை எழுதி வைப்பதும் இல்லை, முழுதாக எண்ணுவதும் இல்லை. எங்கே மதிப்பு முடிந்து நில் (மதிப்பு இல்லை என்பதன் குறி) தொடங்குகிறது என்று பாதி பாதியாகத் தேடுகிறது. மோசமான நிலையிலும் ஓ(லாக் என்)தான், அதாவது உறுப்புகள் இரண்டு மடங்கானாலும் ஒரு படிதான் கூடும் என்று 5.4 கையேடு உறுதி தருகிறது. நடுவில் நில் இருந்தால் எந்த எல்லையை வேண்டுமானாலும் அது திருப்பித் தரலாம், அந்த எண்ணை நம்பக் கூடாது.

பைத்தான் ஜெனரேட்டர்: இதுவும் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாகத் தரும். லென் வேலை செய்யாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டி எண்ணுவார்கள். அது ஓ(என்) என்பதோடு போகவில்லை. எண்ணி முடித்தபோது ஜெனரேட்டர் காலியாகியிருக்கும். அடுத்த லூப்பில் ஒன்றும் வராது, பிழைச் செய்தியும் வராது.

5. தமிழ் ஸ்ட்ரிங் என்றால் எந்த நீளம் என்று முடிவு செய்யுங்கள்

தமிழில் தரவு வைத்துக்கொள்ளும் யாரும் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். ‘வணக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். யூனிகோடில் புள்ளிக்குத் தனிக் குறியீடு என்பதால் 7 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 21 பைட்.

பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 7 என்று சொல்லும். கோவின் லென், ரஸ்ட்டின் லென் இரண்டும் 21 என்று சொல்லும். ஸ்விஃப்ட்டின் கவுண்ட் 5 என்று சொல்லும். முதல் இரண்டு வகையும் ஓ(1), ஏனென்றால் அந்த எண் உள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்விஃப்ட் மட்டும் ஓ(என்), ஏனென்றால் எந்தக் குறியீடு முந்தைய எழுத்தோடு ஒட்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் 5 என்ற விடை கிடைக்கும். கோவிலும் ரஸ்ட்டிலும் குறியீடுகளை எண்ணச் சொன்னால் அதுவும் ஓ(என்)தான். மனிதர் எண்ணும் எழுத்து வேண்டுமென்றால் பைத்தானில் ஓபன்-தமிழ் நூலகம் பிரித்துத் தரும், ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்ட்டர் இருக்கிறது. இவையும் முழு ஸ்ட்ரிங்கையும் படிக்கும், அதனால் ஒவ்வொரு விசையழுத்தத்துக்கும் நீண்ட கட்டுரையை முழுதாக எண்ண விடாதீர்கள்.

இதில் பணச் செலவும் உண்டு. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 அல்ல, 70தான் வரம்பு. அதைத் தாண்டினால் துண்டாகிவிடும், துண்டுக்கு 67. வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் நிரலில் கண்ணால் எண்ணி 60 எழுத்து என்று விட்டால், புள்ளியும் கொம்பும் காலும் சேர்ந்து 70ஐத் தாண்டி இரண்டு செய்திக் கட்டணம் ஆகலாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் கவனம் தேவை. அங்கே லெங்த் கேட்டால் 21, கேர்_லெங்த் கேட்டால் 7. வார்கேர் வரம்பு 7ஐத்தான் கணக்கில் எடுக்கும்.

6. ஆவணத்தில் எங்கே தேடுவது

தேடுபொறியில் முதலில் வரும் பதிலை நம்புவதைவிட அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறப்பது வேகம். ஜாவா என்றால் அந்த கிளாஸின் ஜாவாடாக் பக்கத்தின் தொடக்கப் பத்திகளைப் படியுங்கள். அரேலிஸ்ட் பக்கத்தில் சைஸ் மாறாத நேரத்தில் ஓடும் என்று எழுதியிருக்கிறது, கன்கரன்ட்லிங்க்டுகியூ பக்கத்தில் அப்படி இல்லை என்று எச்சரிக்கையே போட்டிருக்கிறது. சி++ என்றால் சிபிபிரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ஃபங்ஷன் பக்கத்திலும் கம்ப்ளெக்சிட்டி என்று தனிப் பகுதி உண்டு. ஸ்விஃப்ட் ஆவணத்திலும் அப்படியே. பைத்தானுக்கு அதன் விக்கியில் டைம்கம்ப்ளெக்சிட்டி என்ற பக்கம் இருக்கிறது, லிஸ்ட், டெக், செட், டிக்ஷனரிக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள். உங்கள் மொழிப் பதிப்புக்கான பக்கம்தானா என்று மேலே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சந்தேகம் தீரவில்லையா, அளந்து பாருங்கள்

1000, 10,000, 1 லட்சம், 10 லட்சம் என்று நான்கு அளவுகளில் தரவை உருவாக்கி, நீளம் கேட்கும் வரியை மட்டும் அளவிடுங்கள். பைத்தானில் டைம்இட் இதற்கென்றே இருக்கிறது. நேரம் அப்படியே நின்றால் ஓ(1). பத்து மடங்கு தரவுக்குப் பத்து மடங்கு நேரம் என்றால் ஓ(என்). நூறு மடங்கு என்றால் ஓ(என்²), பெரும்பாலும் லூப்புக்குள் ஓ(என்) ஒளிந்திருக்கிறது.

தரவை உருவாக்கும் வரி அளவீட்டுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் லென்கூட ஓ(என்) போலத் தெரியும். டைம்இட்டில் செட்அப் என்ற இடம் இதற்குத்தான். சியில் வேறு தொல்லை: விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும், நேரம் பூஜ்யம் என்று வரும். விடையை அச்சிட்டுவிடுங்கள்.

8. காலியா என்று மட்டும் தெரிய வேண்டுமா? நீளம் கேட்காதீர்கள்

பாதி நேரம் நமக்கு நீளம் வேண்டியதே இல்லை, ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜாவாவில் இஸ்எம்டி, ஸ்விஃப்ட்டில் இஸ்எம்டி, சி++இல் எம்டி, சிஷார்ப்பில் எனி இருக்கின்றன. ஓ(என்) ஆகும் வகைகளிலும் இவை முதல் உறுப்போடு நின்றுவிடும். எர்லாங்கில் லெங்த் பூஜ்யமா என்று ஒப்பிடாமல் காலி லிஸ்ட்டோடு பேட்டர்ன் பொருத்திப் பாருங்கள். சி ஸ்ட்ரிங் என்றால் முதல் பைட் பூஜ்யமா என்று பார்த்தால் போதும்.

9. தரவுத்தளத்திலிருந்து வரும் பட்டியல்கள்

பைத்தானில் வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவில், குவெரிசெட்டின் (தரவுத்தளத்திடம் கேட்ட கேள்விக்கான விடைப் பட்டியல்) மேல் லென் போட்டால் எல்லா வரிசைகளையும் தரவுத்தளத்திலிருந்து இழுத்து மெமரியில் வைத்துவிட்டுத்தான் எண்ணும். எண் மட்டும் வேண்டுமென்றால் கவுண்ட், இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் எக்ஸிஸ்ட்ஸ். எப்படியும் அந்த வரிசைகளை அடுத்து லூப்பில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் லென்தான் நல்லது, இரண்டு முறை தரவுத்தளத்துக்குப் போக வேண்டாம். கவுண்ட்டும் இலவசம் அல்ல. போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு முறையான இன்னோடிபியிலும் டேபிளின் மொத்த எண்ணிக்கை எழுதி வைக்கப்படுவதில்லை, கேட்கும்போது எண்ணுகிறார்கள். பெரிய டேபிளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “மொத்தம் இத்தனை” என்று காட்டும் வேலையை வைக்காதீர்கள். தரவை மெமரியிலேயே வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளத்தில் கவலை குறைவு: ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் நேரச் செலவை மேலேயே எழுதிவிடுகிறார்கள், லிஸ்ட்டின் நீளம் கேட்கும் எல்லென் கட்டளைக்கு ஓ(1).